சிகாமட்டில் எத்தனை எழுத்து? எழில் நிரல்மொழியின் பெயர்களைப் பற்றி

"சார், கம்ப்யூட்டர் தப்பா எண்ணுது."

படிவம் 5 கணினி அறிவியல் எடுக்கும் மாணவி ஒருத்தி இப்படிச் சொன்னாள். பி.எச்.பி. பயிற்சிக்காக நம் ஊர்ப் பெயரைத் தமிழில் தட்டி, அதன் நீளத்தைக் கேட்டிருக்கிறாள். வந்த விடை 21. சி, கா, ம, ட். விரல் விட்டு எண்ணினாலும் நான்குதானே? ஆண்டு 1 பிள்ளையைக் கேட்டாலும் நான்கு என்றுதான் சொல்லும்.

கணினி தப்பாக எண்ணவில்லை. அவள் கேட்ட கேள்விக்குச் சரியான விடைதான் தந்தது. கேள்வியின் பெயர்தான் அவளை ஏமாற்றியது. ஸ்டர்லென் என்ற அந்தச் செயற்கூறு எண்ணுவது எழுத்துகளை அல்ல, பைட்டுகளை. யூனிகோடில் 'சிகாமட்' ஏழு குறியீடுகள்: ச, இகரக் குறி, க, கால், ம, ட, புள்ளி. யூ.டி.எஃப்.8 முறையில் ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 21. அதே மொழியில் 'எம்பி' என்ற முன்னொட்டுள்ள செயற்கூறிடம் கேட்டால் 7 என்கும். 'கிராஃபீம்' என்ற முன்னொட்டுள்ளதிடம் கேட்டால்தான் 4 வரும். மூன்றுக்கும் வால் ஒன்றுதான், 'ஸ்டர்லென்'. எதை எண்ணுகிறோம் என்பதைச் சொல்வது தலைப்பகுதி. ஆனால் முதலில் வந்த செயற்கூறுக்கு அந்தத் தலையே இல்லை.

இந்த இதழில் எழில் நிரல்மொழியை மதிப்பிட்டு எழுதுகிறேன் என்று ஒப்புக்கொண்டிருந்தேன். இந்தச் சம்பவத்தோடு தொடங்கக் காரணம் உண்டு. நம் பிள்ளைகள் நிரலாக்கத்தில் தடுமாறும்போது, "ஆங்கிலம் வரல, அதான்" என்று சொல்லிவிட்டுப் போகிறோம். பாதி நேரம் அது உண்மையில்லை. ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த பிள்ளையும் அதே இடத்தில்தான் விழுகிறது.

பி.எச்.பி.யையே பாருங்கள். நீளம் காண்பதற்கு ஸ்டர்லென் என்று ஒட்டி எழுத வேண்டும். மாற்றி எழுதுவதற்கு 'ஸ்டர்', அடிக்கோடு, 'ரீப்ளேஸ்' என்று பிரித்து எழுத வேண்டும். சரத்துக்குள் ஒன்றைத் தேடும் ஸ்டர்பாஸில் முதலில் வைக்கோற்போர், பிறகு ஊசி. வரிசைக்குள் தேடும் இன்-அரேயில் முதலில் ஊசி, பிறகு வைக்கோற்போர். ஏன் சார் இப்படி என்று கேட்டால் இலக்கண விதி எதுவும் சொல்ல முடியாது. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தத் தேவைக்காக வெளியிட்ட சிறு கருவி அது. ஆரம்ப காலத்தில் செயற்கூறுகளைத் தேடிப் பிடிக்கப் பெயரின் நீளத்தையே பயன்படுத்தினாராம். அதனால் பெயர்கள் வெவ்வேறு நீளத்தில் இருந்தால் வசதி என்று அப்படி வைத்ததாக அவரே 2013-இல் விளக்கியிருக்கிறார். 2009-இல் 5.3 பதிப்பில் பெயர்வெளி வந்தது. அதற்குள் உலகம் முழுக்க நிரல்கள் ஓடிக்கொண்டிருந்தன, பழைய பெயர்களைத் தொட முடியவில்லை.

தேர்வு எழுதும் பிள்ளைகள் இங்கே கொஞ்சம் நில்லுங்கள். படிவம் 4-இல் வரும் ஜாவாவிலும் இதே கதைதான். வரிசையின் நீளம் வேண்டுமென்றால் 'லென்த்', அடைப்புக்குறி கிடையாது. சரத்தின் நீளம் என்றால் 'லென்த்' எழுதிப் பின்னால் வெற்று அடைப்புக்குறி போட வேண்டும். அரேலிஸ்ட் பக்கம் போனால் பெயரே மாறி 'சைஸ்' ஆகிவிடும். மனப்பாடம் செய்தால் மறந்துபோகும். காரணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்: வரிசையில் நீளம் என்பது உள்ளே எழுதி வைத்த ஒரு மதிப்பு, மற்ற இரண்டிலும் கேட்டுப் பெறும் விடை. கேள்வி கேட்கும் இடத்தில் அடைப்புக்குறி வரும்.

இனி எழில். பைத்தான் மொழியின் மேல் கட்டப்பட்ட திறமூலத் தமிழ் நிரல்மொழி இது. உருவாக்கியவர் முத்து அண்ணாமலை. 2009-இல் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 2013-இல் கோலாலம்பூரில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் நடந்த தமிழ் இணைய மாநாட்டிலும் எழில் அறிமுகமானது. என். சொக்கனோடு சேர்ந்து 'தமிழில் நிரல் எழுது' என்ற நூலையும் எழுதியிருக்கிறார். கைக்காசும் ஓய்வு நேரமும் போட்டுச் செய்த வேலையைக் குறை சொல்வதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: கணினி மன்றத்தில் இதைக் காட்டிய அன்று, பின் வரிசையில் எப்போதும் தூங்கும் பையன் தானாக எழுந்து வந்து தட்டச்சு செய்தான்.

எழிலில் எனக்கு மிகவும் பிடித்தது நிபந்தனை எழுதும் முறை. முதலில் அடைப்புக்குறிக்குள் நிபந்தனை, அதற்குப் பின் 'ஆனால்'. ஆங்கிலத்தில் 'இஃப்' முன்னால் நிற்கும். தமிழில் 'மழை வந்தால்' என்று நிபந்தனை கடைசியில்தான் ஒட்டும். அதைப் புரிந்துகொண்டு அமைத்திருக்கிறார்கள். 'ஆனால்' என்றதும் பிள்ளைகளுக்கு முதலில் 'பட்' என்ற பொருள்தான் வருகிறது, 'ஆகுமானால்' என்பது வருவதில்லை. பரவாயில்லை, ஒரு பாடவேளையில் சரிசெய்துவிடலாம்.

'வரை' அப்படிச் சரிசெய்யக் கூடியது அல்ல. நிபந்தனை மெய்யாக இருக்கும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் மடக்குக்கு எழில் வைத்த பெயர் அது. தமிழில் 'வரை' தனியாக நின்று பொருள் தராது. 'அவர் இருக்கும் வரை' என்றால் அவர் இருக்கிற காலம் முழுவதும். 'அவர் வரும் வரை' என்றால் அவர் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். பொருளை முடிவு செய்வது முன்னால் வரும் வினை. எழிலில் அந்த வினையே இல்லை. எண் பத்தைவிடக் குறைவு என்று அடைப்புக்குறிக்குள் போட்டு, பக்கத்தில் 'வரை' என்று எழுதினால், 'இருக்கும்' என்று எடுத்துக்கொள்வதா, 'ஆகும்' என்று எடுத்துக்கொள்வதா? என் வகுப்பில் சில பிள்ளைகள் ஒரு மாதிரியும் சிலர் மறு மாதிரியும் படித்தார்கள். இரண்டு பக்கமும் தமிழ்ப்படி சரி. 'இருக்கும்வரை' என்று முழுதாக வைத்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. ஐந்து எழுத்து கூடுதலாகத் தட்டச்சு செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

அடுத்தது சொல்வரிசை. நிபந்தனையில் தமிழ் வாக்கிய அமைப்பைப் பின்பற்றியவர்கள், வெளியீட்டில் 'பதிப்பி' என்பதை முன்னால் வைத்து, பதிக்க வேண்டியதைப் பின்னால் வைக்கிறார்கள். இது ஆங்கில வரிசை. இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்திருக்கலாம். தேர்ந்தெடுத்ததை விடாமல் பிடித்திருக்க வேண்டும். ஒரே நிரலில் ஒரு வரி தமிழ் நடை, அடுத்த வரி ஆங்கில நடை என்றால் பிள்ளைக்கு ஊகிக்க எதுவும் மிஞ்சாது. 'பின்கொடு' என்பதும் அப்படித்தான். கடையில் மீதிச் சில்லறையை யாரும் பின்கொடுப்பதில்லை, திருப்பிக் கொடுக்கிறார்கள்.

தமிழாசிரியர்களுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வரும் இடம் புணர்ச்சி. பட்டியலின் கடைசியில் ஒன்றைச் சேர்க்கும் செயற்கூறு 'பின்இணை'. தனிக்குறிலை அடுத்த மெய், உயிர் வந்தால் இரட்டும் என்று நாமே கற்பிக்கிறோம். அப்படியானால் 'பின்னிணை' என்றுதான் வர வேண்டும். 'நிரல்பாகம்' என்பது 'நிரற்பாகம்' ஆக வேண்டும். ஆனால் இங்கே நான் இலக்கணத்தின் பக்கம் நிற்க மாட்டேன். நிரலில் பெயர் என்பது கண்ணுக்கு மட்டும் அல்ல, தேடலுக்கும்தான். ஒருவர் புணர்த்தி, இன்னொருவர் பிரித்து எழுதினால் இரண்டும் இரண்டு வேறு பெயர்கள், கணினி மன்னிக்காது. புணர்க்காமல் எழுதுவது என்று முடிவு செய்தால் எல்லாப் பெயரிலும் அப்படியே இருக்கட்டும், கட்டுரைத்தாளில் மட்டும் நன்னூல்படி எழுதட்டும். வேற்றுமை உருபையும் விட்டுவிடலாம். என் மாணவன் ஒருவன் கோப்பைத் திறக்க 'கோப்பைதிற' என்று பெயர் வைத்தான். பக்கத்து இருக்கைக்காரன், "எந்தக் கோப்பைடா? டீக் கோப்பையா, உலகக் கோப்பையா?" என்று கேட்டான்.

(இன்னொரு கண்ணிவெடி: 'மௌ' என்பதும் 'மெ'யோடு 'ள' சேர்ந்ததும் திரையில் அச்சு அசலாக ஒன்றுபோலத் தெரியும். கணினிக்கு வேறு வேறு. ஔகாரம் வரும் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள்.)

பெயர்வெளிக்கு வருவோம். வருகைப் பதிவேட்டில் இரண்டு கவிதா இருந்தால் என்ன செய்கிறோம்? கவிதா த/பெ முனியாண்டி, கவிதா த/பெ ராமசாமி. பெயரை மாற்றுவதில்லை, யார் வீட்டுப் பிள்ளை என்று சேர்த்துச் சொல்கிறோம். பைத்தானில் வர்க்கமூலம் 'மேத்' வீட்டுப் பிள்ளை. வீட்டுப் பெயரைச் சொல்லி, புள்ளி வைத்துக் கூப்பிட வேண்டும். எழிலில் நான் பாடத்துக்கு எடுத்துக்கொண்ட எடுத்துக்காட்டுகளில் எல்லாப் பெயரும் ஒரே முற்றத்தில் நிற்கின்றன. பட்டியலிலிருந்து ஓர் உறுப்பைப் பெறுவதற்கு 'எடு' என்று பெயர். இவ்வளவு பொதுவான சொல்லைப் பட்டியல் பிடித்துக்கொண்டால், சேமிப்புக் கணக்குப் பயிற்சியில் பணம் எடுக்கும் செயற்கூறுக்குப் பிள்ளை என்ன பெயர் வைக்கும்? 'பட்டியல்' என்பதை முன்னால் சேர்த்திருந்தால் இரண்டும் சண்டையில்லாமல் இருந்திருக்கும்.

இதே முத்து அண்ணாமலையின் பங்களிப்பில் வளர்ந்த ஓப்பன்-தமிழ் நூலகத்தில் இந்த ஒழுங்கு இருக்கிறது. அதில் 'தமிழ்' என்ற வீட்டுக்குள் 'யூ.டி.எஃப்.8' என்ற அறை, அதற்குள் எழுத்துகளைப் பிரித்துத் தரும் செயற்கூறு. சிகாமட்டைக் கொடுத்தால் சி, கா, ம, ட் என்று நான்காகவே தருகிறது. பைத்தானின் சொந்த நீளச் செயற்கூறு 7 என்கும். இரண்டும் ஒரே நிரலில் குழப்பமில்லாமல் வாழ்கின்றன.

சக ஆசிரியர் ஒருவர் ஆசிரியர் அறையில் கேட்டார்: "எப்படியும் ஜாவாவுக்குத்தான் போகணும், எதுக்கு சார் நடுவுல இது?" நியாயமான கேள்வி. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை இடைநிலைப்பள்ளிக்குப் போனால் விளக்கம் மலாயில், கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில். எழிலைத் தேர்வுக்கான பாலமாக நான் பரிந்துரைக்கவில்லை. நான்கு வாரம் மன்ற நடவடிக்கையாகச் செய்யலாம். அதிலும், மடக்குப் பகுதிக்கு வரும்போது 'இருக்கும் வரை' என்று வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பிறகு பைத்தானுக்கு மாறிவிடுங்கள். பைத்தான் 3 தமிழ்ப் பெயர்களை ஏற்கிறது. கட்டளைச்சொல் ஆங்கிலத்தில் இருந்தாலும், பிள்ளை எழுதும் செயற்கூறுக்கு 'எழுத்து_எண்ணு' என்று பெயர் வைக்கலாம். முதலில் பொருள், பிறகு வினை, நடுவில் அடிக்கோடு, உருபு இல்லை. எங்கள் மன்றத்தில் இந்த ஒரு விதியைச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். வேறு பள்ளிகள் வேறு விதி வைத்திருந்தால் புலனத்தில் அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்த்து ஒரே பட்டியலாக்குவோம்.

கடைசியாக, அந்தப் பின் வரிசைப் பையன். எழிலின் முதல் எடுத்துக்காட்டு நிரலைத் தட்டச்சு செய்து முடித்தான். 'பதிப்பி' என்று தொடங்கி, உலகுக்கு வணக்கம் சொல்லி, நன்றியும் சொல்லும் அழகான நிரல். அதன் கடைசி வரி ஆங்கிலத்தில் 'எக்ஸிட்'. திரையைக் காட்டி, "சார், வரும்போது தமிழ், போகும்போது இங்கிலீஷா?" என்றான்.