ஓடும் மனிதன்

கையெழுத்துப் போடாத சித்திரங்களைப் பற்றி யாரும் விமரிசனம் எழுதுவதில்லை. ஆனால் சித்திரக் கண்காட்சிப் பக்கமே போகாதவர்கள்கூடத் தினசரி பார்க்கிற சித்திரங்கள் அவைதான். விமான நிலையத்திலும் ஆஸ்பத்திரியிலும் வழி காட்டுவதற்காகக் கதவுக்கு மேலே மாட்டியிருக்கும் படங்களைச் சொல்கிறேன். அவற்றிலும் நல்லது உண்டு, மட்டமானது உண்டு. எது நல்லது, ஏன் என்று விசாரித்துப் பார்ப்பது கதை எழுதுகிறவனுக்கும் பயனுள்ள காரியம் என்பது என் அபிப்பிராயம்.

இந்தக் கலைக்கு ஆதாரமாக ஒரு பெரிய நம்பிக்கை இருந்தது. 1920களில் வியன்னாவில் ஆட்டோ நொய்ராத் என்ற அறிஞர், எழுத்து வாசனை இல்லாத தொழிலாளிக்கும் நாட்டு நடப்புத் தெரிய வேண்டும் என்று புள்ளிவிவரங்களைச் சின்னச் சின்னப் படங்களாக்கினார். கெர்ட் ஆர்ன்ட்ஸ் என்ற கலைஞர் அவருக்காக ஆயிரக்கணக்கில் படங்கள் செய்து கொடுத்தார். பாஷை மனிதர்களைப் பிரித்தாலும் படம் சேர்த்துவைக்கும் என்பது நொய்ராத்தின் கட்சி. கேட்க நன்றாக இருக்கிறது. முழு உண்மை என்று சொல்ல முடியவில்லை. படத்துக்கும் சொந்த ஊர் என்று ஒன்று உண்டு.

1974-ல் அமெரிக்கப் போக்குவரத்து இலாகாவுக்காக 34 சின்னங்கள் கொண்ட வரிசை ஒன்று தயாராயிற்று. உலகமெங்கும் பரவிய வரிசை அது. அதில் கழிப்பிடத்துக்கு உரிய பெண் கவுன் போட்டிருக்கிறாள். ஆண் கால்சட்டை போட்டிருக்கிறான். கோடுகளில் குறை சொல்ல இடமில்லை, அத்தனை கச்சிதம். ஆனால் புடவை கட்டிய பாட்டியும் வேஷ்டி கட்டிய தாத்தாவும் அந்தக் கதவுகளின் முன் வந்து நின்றால் என்ன செய்வார்கள்? தாத்தாவின் வேஷ்டிதான் கவுனுக்குக் கிட்டத்தில் வருகிறது! பழகிவிட்டால் புரியும் என்பார்கள். வாஸ்தவம், நமக்கெல்லாம் பழகித்தான் விட்டது. ஆனால் பழக்கத்தினால் மட்டுமே புரிகிற சின்னம், முதல் தடவை வருகிறவரைக் கைவிட்டுவிடுகிறது. படத்தின் உதவி அதிகம் வேண்டியிருப்பதோ அவருக்குத்தான்.

இந்தக் குறையைத் தாண்டிய படம் ஜப்பானில் பிறந்தது. 1972-ல் ஒஸாகாவில் பல மாடிக் கடைக் கட்டடம் ஒன்று தீப்பிடித்து 118 பேர் இறந்தார்கள். மறுவருஷம் குமமோட்டோவில் மற்றொரு கடையில் நூறு பேருக்கு மேல். அதன் பிறகு, அவசர வழியைக் காட்டப் பொதுமக்களிடமிருந்தே படங்கள் வரவழைத்தார்கள். புகைக்கு நடுவே வைத்துப் பரீட்சித்தார்கள். தேர்ந்ததை யூகியோ ஓட்டா என்ற வடிவமைப்பாளர் திருத்திக் கொடுத்தார். திறந்த வாசல், அதில் ஓடும் ஒரு மனிதன், பச்சை நிறம். 1987-ல் சர்வதேசத் தரத்திலும் அது இடம் பெற்றது. அமெரிக்காவில் பல கட்டடங்களில் இன்றும் எழுத்துத்தான், அதுவும் சிவப்பில். சாலையில் சிவப்பைக் கண்டால் நில் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, தீப்பிடித்தால் மட்டும் சிவப்பை நோக்கி ஓடு என்கிறார்கள்.

ஓட்டாவின் மனிதனுக்கு முகம் இல்லை, உடுப்பு இல்லை, வயசும் இல்லை. சாய்ந்த உடம்பும் எட்டி வைத்த காலும் மட்டுமே. உயிருக்குப் பயந்தவன் எந்த ஊரிலும் அப்படித்தான் ஓடுகிறான். பாத்திரத்தின் சட்டையை வர்ணித்தே அரைப் பக்கம் நிரப்புகிற நாவலாசிரியர்கள் இவனைச் சற்று நின்று பார்க்கலாம்.

இவனிடமும் ஒரு குறை உண்டு. ஓட முடியாதவர்களை இவன் அறியான். 1968-ல் சூசன்னே கோஃபோட் என்ற டேனிஷ் மாணவி சக்கர நாற்காலிச் சின்னத்தை வரைந்தபோது அதில் தலை கிடையாது. மறுவருஷம் மேலே ஒரு வட்டம் சேர்த்தார்கள். அப்போதுதான் நாற்காலியில் ஆள் வந்து உட்கார்ந்தமாதிரி இருந்தது. மூன்றாவது மாடியில் தீப்பிடித்தால் அந்த ஆள் எந்த வழியாகப் போவது? அதற்கும் சர்வதேசத் தரத்தில் இப்போது ஒரு படம் இருக்கிறது. நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் அதை மாட்டுவதற்கு முன்னால், அது காட்டுகிற வழியையும் யாராவது கட்ட வேண்டும்.