வடசென்னையின் பசுமை வேலை: பயிற்சியில் இல்லை, டெண்டரில் இருக்கிறது

2021 டிசம்பர் 27 அன்று திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பின் ஒரு பிளாக் அப்படியே சரிந்தது. 24 வீடுகள். விரிசலைப் பார்த்து மக்கள் முன்பே வெளியேறிவிட்டதால் உயிர் தப்பினார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில், புளியந்தோப்பு கே.பி. பார்க்கில் புதிதாகக் கட்டிய அடுக்குமாடியில் சுவர்ப்பூச்சு விரலால் சுரண்டினாலே உதிர்ந்தது. சென்னை ஐஐடி குழு வந்து ஆராய வேண்டியதாயிற்று. ஒன்று பழைய கட்டடம், மற்றது குடியேறி முடிவதற்குள் கெட்டது. எரிசக்தி சிக்கன வீடுகள், அவற்றால் கிடைக்கும் பசுமை வேலைகள் என்று இன்று வடசென்னையில் பேசுகிறவர்கள் இந்த இரண்டு கட்டடங்களிலிருந்துதான் தொடங்க வேண்டும். நிற்காத சுவரில் சிக்கனம் பேச முடியாது.

பேச வேண்டிய இடம் வடசென்னைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. வடசென்னை அனல்மின் நிலையமும் வல்லூர் அனல்மின் நிலையமும் ஊருக்கெல்லாம் மின்சாரம் தருகின்றன. சாம்பல் கொசஸ்தலையாற்றுக்கும் எண்ணூர் முகத்துவாரத்துக்கும் போகிறது. 1970-இல் தொடங்கிய எண்ணூர் அனல்மின் நிலையம் 2017 மார்ச்சில் மூடப்பட்டது. இப்படி ஒரு நிலையம் மூடும்போது நிரந்தர ஊழியரை வேறு இடத்துக்கு மாற்றலாம். ஒப்பந்தக் கூலிக்கு மாற்றல் உத்தரவு என்று ஒன்று கிடையாது. நிலக்கரிக்குப் பிறகு இந்தப் பகுதிக்கு என்ன வேலை என்ற கேள்விக்கு வீடுகளைச் சீராக்கும் வேலை ஒரு நேர்மையான பதில். அதை வேறு ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

மொட்டைமாடியை எடுத்துக்கொள்வோம். கடைசி மாடிக்காரர்களுக்குச் சித்திரையில் இரவிலும் கூரை சுடும். இதற்கு நம்மிடம் பழைய மருந்து உண்டு: செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கட்டையால் நாள்கணக்கில் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதிப்பது. அப்படிக் கட்டையால் அடித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். தளம் அவர்கள் கையில் இறுகியது. கொத்தனார் என்ற பெயரும் கூலியும் ஆண்களுக்குப் போயின. சித்தாளாகச் சேர்ந்த பெண் சித்தாளாகவே ஓய்வு பெறுவது நம் கட்டட வேலையின் எழுதாத சட்டம். பசுமை வேலை என்று பெயர் மாற்றிவிட்டு இந்தச் சட்டத்தை அப்படியே வைத்துக்கொண்டால் அதில் நியாயம் எங்கே?

இப்போதைய மருந்து வெள்ளைப் பிரதிபலிப்புப் பூச்சு. தெலங்கானா 2023-இல் இதற்குத் தனிக் கொள்கையே வெளியிட்டது. அகமதாபாத்தின் மகிளா ஹவுசிங் டிரஸ்ட் குடிசைப் பகுதிப் பெண்களுக்கே பயிற்சி தந்து, வீடுவீடாக மின்செலவைக் கணக்கிடும் வேலையில் இறக்கியது. பூச்சு மலிவு; ஒரே நாளில் முடியும். குறை, தூசி படிந்தால் வெண்மை போய்விடும். எண்ணூர்க் காற்றில் அது சீக்கிரமே போகும். ஆனால் பொறியாளர் குறையாக எழுதும் அதே விஷயம் தொழிலாளிக்கு அடுத்த ஆண்டும் வேலை. திரும்பப் பூசுவதற்கான பணத்தை முதல் நாளே ஒதுக்கியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி. திறப்பு விழாவுக்கு நிதி கிடைக்கும், இரண்டாம் பூச்சுக்குக் கிடைக்காது. நம் அரசுத் திட்டங்களின் பொதுக் குணம் இது.

சூரிய மின்சாரத்தில் சிக்கல் வேறு மாதிரி. 2024-இல் வந்த பிரதமரின் சூர்ய கர் திட்டம் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாயும், மூன்று கிலோவாட்டுக்கு 78,000 ரூபாயும் மானியம் தருகிறது. சொந்தக் கூரை உள்ளவருக்கு நல்ல திட்டம். வாரியக் குடியிருப்பில் கூரை எல்லோருக்கும் பொது, மீட்டர் வீட்டுக்கு ஒன்று. போதாததற்கு, தமிழ்நாட்டில் 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அந்த இலவசத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் சிறிய வீட்டுக்காரர் பலகை போட்டு மிச்சப்படுத்தப் பெரிதாக ஒன்றும் இல்லை. அங்கே பொருந்துவது லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றுக்கான பொது மின் இணைப்பில் சூரிய மின்சாரம். குடியிருப்புச் சங்கங்களுக்கென்று கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியமும் அதே திட்டத்தில் உண்டு. உப்புக்காற்றும் சாம்பலும் படியும் பலகைகளை விடாமல் துடைக்க ஆள் வேண்டும். அந்த ஆள் அதே பிளாக்கில் இருக்கலாம்.

பெரும்பாக்கத்தில் 2021 தொடக்கத்தில் அடிக்கல் நாட்டி, 2022 மே மாதம் திறந்த 1,152 வீடுகள் இன்னொரு வழியைக் காட்டின. ஆலையில் வார்த்த கான்கிரீட் பாகங்களைக் கொண்டுவந்து பொருத்தினார்கள். வேகம் உண்டு, தரத்தைச் சோதிக்க முடியும், தண்ணீரும் தூசியும் குறைவு. கே.பி. பார்க்கைப் பார்த்த பிறகு இதை எளிதில் எதிர்க்க முடியாது. ஆனால் களத்தில் கொத்தனாருக்கும் சித்தாளுக்கும் வேலை குறைகிறது. பசுமையான வீடு, வேலை இல்லாத தெரு: இந்த முரணைத் திட்ட அறிக்கைகள் கண்டுகொள்வதே இல்லை.

சமூகப் பங்கேற்பு என்று சொல்ல நம்மிடம் இருப்பது ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டம். குடியிருப்போர் சங்கம் அமைத்துப் பராமரிப்புக் கட்டணம் திரட்டினால், அரசும் இணையான தொகை தரும். சங்கமே பிளம்பரையும் எலக்ட்ரீசியனையும் தெருவிலிருந்து தேர்ந்தெடுக்கலாம் என்பது இதன் பெரிய பலம். ஆனால் மீன்பாடு இல்லாத மாதத்தில் காசிமேட்டு மீனவக் குடும்பம் எதைக் கட்டும்? கட்டும்போதே கெட்டுப்போன சுவருக்குப் பொறுப்பு யாருடையது? கட்டியவரின் குறையைக் குடியிருப்பவரின் தலையில் ஏற்றுவதற்குப் பங்கேற்பு என்று பெயர் வைக்கக் கூடாது.

இளைஞர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி, கையில் ஒரு சான்றிதழ் என்பதோடு எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். யார் வேலை செய்வது, என்ன கூலி, எத்தனை ஆண்டு என்பதை டெண்டர் தாள் தீர்மானிக்கிறது; மிகக் குறைந்த விலை சொன்னவருக்கே வேலை என்னும் விதி அங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. குறைந்த கூலிக்கு ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வரும் தொழிலாளர்கள் மீது கோபப்படுவதில் பயனில்லை. அவர்களுக்கும் உள்ளூர்க்காரருக்கும் ஒரே கூலி, ஒரே கட்டடத் தொழிலாளர் நலவாரியப் பதிவு என்று எழுதிவிட்டால், கூலியைக் குறைக்க ஒருவருக்கு எதிராக மற்றவரை நிறுத்த முடியாது. அந்த நலவாரியத்தை 1994-இலேயே அமைத்த மாநிலம் இது.

வடசென்னை வளர்ச்சித் திட்டம் 2024 மார்ச்சில் 4,181 கோடி ரூபாய்க்குத் தொடங்கப்பட்டது. இந்தப் பகுதியில் வாரியக் குடியிருப்புகளை இடித்துக் கட்டும் அடுத்த டெண்டரிலாவது மூன்று வரி சேரட்டும்: பத்தாண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும், அந்தப் பராமரிப்பு வேலையில் பாதி அந்தக் குடியிருப்புக்காரருக்கு, அதிலும் பெண்களுக்குக் கொத்தனார் கூலியில், தரப்பட வேண்டும், தரச் சோதனை முடிவு சங்கத்தின் கைக்கு வரும்வரை கடைசித் தவணையை நிறுத்தி வைக்க வேண்டும். ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் குடியிருப்போர் சங்கங்கள் டெண்டர் வெளியாகும் முன்பே வாரியத்திடம் இதை எழுத்தில் கேட்க வேண்டும்.