வலாத்தாவில் ஐம்பது நாட்கள்

உலகின் அறியப்படாத ஊர்களை அறிமுகம் செய்யும் பயண நூல்கள் இன்று பெருகிவிட்டன. ஒரு படம், நான்கு வரி, போய்வரும் வழி என்ற அளவில் ஓர் ஊர் முடிந்துவிடுகிறது. அறியப்படாத ஊர் என்கிறோமே, யாரால் அறியப்படாதது? அங்குப் பிறந்து வாழ்வோர் அதனை நன்கறிவர். அறியாமை பயணியினுடையது. அதனை மறையாது சொல்லும் நூலே பயண இலக்கியம் என்னும் பெயருக்கு உரியது என்பது நம் கருத்து. இதற்குச் சான்றாக இப்னு பதூதாவின் பயண நூலில் ஒரு பகுதியை எடுத்துக்கொள்வோம்.

மதுரை வரை வந்து சென்ற அப்பெரும் பயணியை நம் வாசகர்கள் அறிவார்கள். அவர் சொல்ல, இப்னு ஜுஸை எழுதி, 1355இல் நிறைவுற்ற அந்நூலின் இறுதிப் பகுதி சஹாராவைக் கடந்து மாலி நாட்டுக்குச் சென்ற வரலாறாகும். 1352இல் மொராக்கோவின் சிஜில்மாசாவிலிருந்து வணிகர் கூட்டத்துடன் அவர் புறப்பட்டார். இடையே தகாஸா என்னும் ஊர். மரமே இல்லாத அவ்வூரில் வீடுகளும் பள்ளிவாசலும் உப்புப் பாளங்களால் எழுப்பப்பட்டு, ஒட்டகத் தோலால் கூரையிடப்பட்டிருந்தன. இரண்டு மாதப் பயணத்தின் முடிவில் வலாத்தாவை அடைந்தார். இன்றைய மௌரித்தானியாவின் தென்கிழக்கில் உள்ளது அவ்வூர்.

வந்ததும் அவருக்குச் சினமே மூண்டது. அரசப் பிரதிநிதி அருகிலிருந்தும் மொழிபெயர்ப்பாளர் வழியாகவே பேசினார். விருந்தென்று அழைத்து, இடித்த தானியத்தில் சிறிது தேனும் பாலும் கலந்து சுரைக்குடுவையில் வைத்தனர். இதற்காகவா அழைத்தார்கள் என்று மனம் நொந்து, திரும்பிவிடவும் எண்ணினார். எனினும் ஏறத்தாழ ஐம்பது நாட்கள் அங்குத் தங்கினார். தம் சிறுமையையும் ஒளிக்காமல் எழுதியதே அவருடைய பெருமை.

அவ்வூரில் மகனுக்கன்றிச் சகோதரியின் மகனுக்கே சொத்துரிமை. இவ்வழக்கத்தை மலபாரில் மட்டுமே கண்டதாக அவர் ஒப்பிடுகிறார். ஆயினும் இவர்கள் தொழுகையைப் பேணுவோர், சட்டநூல் கற்போர், குர்ஆனை மனனம் செய்வோர் என்பதையும் சேர்த்தே சொல்கிறார். ஒருவர் வீட்டில், அவர் மனைவி வேற்று ஆடவரோடு உரையாடுவதைக் கண்டு கடிந்துகொண்டார். எங்கள் பெண்களின் நட்பு ஐயத்துக்கு இடமற்றது, அவர்கள் உங்கள் நாட்டுப் பெண்களைப் போன்றவரல்லர் என்னும் கருத்தில் வீட்டுக்காரர் விடையிறுத்தார். அதன்பின் பலமுறை அழைத்தும் இப்னு பதூதா அவ்வீட்டுக்குச் செல்லவில்லை.

இங்கேதான் நாம் அவரோடு மாறுபடுகிறோம். கடல்களையும் பாலைகளையும் கடந்தவருக்கு அவ்வீட்டு வாசற்படியைக் கடக்க இயலாமற் போயிற்று. ஆனால் தம்மை மறுத்த அவ்விடையை அவர் அழித்துவிடவில்லை. அதனாலன்றோ, நூற்றாண்டுகள் பல கடந்தும் நாம் அவருக்கு எதிராக வழக்காட முடிகிறது! இன்றைய வழிகாட்டி நூல்களில் ஊராரின் குரல் இவ்வாறு கேட்கிறதா?

1996இல் வலாத்தாவையும் ஷின்கீத், வாதான், திஷீத் ஆகிய ஊர்களையும் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. இன்று வலாத்தாவை நாடுவோர் பழஞ்சுவடிகளோடு, வீட்டுச் சுவர்களில் செங்காவியால் தீட்டிய கோலங்களையும் காண்கின்றனர். அவற்றைத் தீட்டும் மரபு பெண்களுடையது. இப்னு பதூதா முகஞ்சுளித்த ஊரின் இன்றைய புகழில் பெண்களின் கைத்திறனுக்குப் பெரும்பங்குண்டு.

அங்குச் செல்வோர் படமெடுத்துத் திரும்புவதோடு நில்லாமல், அவர்தம் சொல்லையும் கேட்டு வருவாராக. அச்சொல் நம்மை மறுப்பதாயினும் அதனை எழுதுக.