ஐசி மாற்றினால் பாட்டு மாறுமா?

தாம்பரத்துக்குத் தெற்கே கூடுவாஞ்சேரி, மறைமலை நகர், சிங்கப்பெருமாள் கோவில் என்று போகப் போக, அசெம்பிள் ஆம்ப்ளிஃபயரில் பாட்டுக் கேட்கும் வீடுகள் இன்னும் உண்டு. பார்க் ஸ்டேஷனில் இறங்கி ரிச்சி தெருவுக்கு நடந்து, போர்டும் டிரான்ஸ்ஃபார்மரும் வாங்கிவந்து கட்டிய செட்டுகள் அவை. வைத்திருப்பவர்களுக்குக் கை சும்மா இருப்பதில்லை. இன்று ஐசி, நாளை கண்டென்சர், அடுத்து ஸ்பீக்கர் வயர். ஒவ்வொன்றுக்கும் பிறகு "சவுண்டு தெளிஞ்சுடுச்சு" என்பார்கள். அந்தத் தெளிவில் எவ்வளவு உண்மை?

அதிகம் நடப்பது டோன் போர்டில் உள்ள 4558 ஐசியைக் கழற்றி 5532 போடுவது. இரண்டுக்கும் எட்டுக் கால்கள், ஒரே வரிசை. சாக்கெட் இருந்தால் ஒரு நிமிட வேலை. தாளில் 5532 உயர்ந்ததுதான். அதன் வெளியீடு மைக்ரோவினாடிக்கு 9 வோல்ட் வரை ஏறும். 4558-க்கு ஏறக்குறைய 1 வோல்ட். ஆனால் பாட்டு கேட்பது என்ன? 2 வோல்ட் சிக்னலில் 20,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கே மைக்ரோவினாடிக்கு 0.36 வோல்ட் போதும். பழைய ஐசியே அதைத் தாராளமாகத் தருகிறது. மைக், ரெக்கார்டு பிளேயர் போன்ற மிகச் சிறிய சிக்னலைப் பெருக்கும் இடத்தில் 5532-இன் குறைந்த இரைச்சல் கண்டிப்பாகப் பயன்படும். போனிலிருந்து வரும் பாட்டுக்கு அந்த வித்தியாசம் காதுக்கு எட்டாது. போதாக்குறைக்கு, வேகமான ஐசி அதிக மின்னோட்டம் இழுக்கும். சப்ளைக் கால்களுக்கு அருகே 104 என்று அச்சிட்ட சின்னக் கண்டென்சர் இல்லையென்றால் தானாக அலைவுறவும் கூடும். அப்போது ஒலி முன்பைவிடக் கெடும்.

பிறகு ஏன் மாற்றம் கேட்கிறது? மூடியைத் திறந்தவர் ஐசியை மட்டும் தொடுவதில்லை. வால்யூம் கண்ட்ரோலைத் துடைக்கிறார், விட்டுப்போன ஈயத்தைத் திரும்ப வைக்கிறார், ஜாக்கை அழுத்திச் செருகுகிறார். பலன் அங்கிருந்து வருகிறது; பெயர் ஐசிக்குப் போகிறது. வால்யூம் துளி கூடியிருந்தாலும் காது அதை நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும்.

1987 ஜனவரியில் அமெரிக்காவின் 'ஸ்டீரியோ ரிவ்யூ' இதழ், மலிவான ரிசீவரையும் அதைப்போல் பல மடங்கு விலையுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயரையும் ஒலி அளவைச் சமமாக்கி, எது எதுவென்று சொல்லாமல் கேட்கவைத்தது. கேட்டவர்களால் நம்பகமாகப் பிரித்தறிய முடியவில்லை. இதைக் காட்டி 'எந்த மாற்றமும் வீண்' என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அங்கே ஒப்பிட்டவை ஒழுங்காக இயங்கும் கருவிகள். நம் வீட்டு செட் அந்த நிலையில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

பெரும்பாலும் இருப்பதில்லை, குறை சப்ளையில் இருக்கும். சப்ளைக் கண்டென்சருக்கு வெப்பம் எதிரி. பத்து டிகிரி ஏறினால் ஆயுள் பாதியாகும். நம் கோடையில், ஹீட் சிங்க்குக்குப் பக்கத்தில், மூடிய பெட்டிக்குள் அது மெல்லக் காய்கிறது. 1 ஆம்பியர் இழுக்கும்போது 4700 மைக்ரோஃபாரட் கண்டென்சரில் மின்னழுத்தம் சுமார் 2 வோல்ட் ஏறி இறங்கும். கண்டென்சர் பாதியாகக் காய்ந்தால் அது 4 வோல்ட்டுக்கு மேல். இளையராஜாவின் பேஸ் கிட்டார் வரும் இடத்தில் ஒலி சளசளப்பதும், பாட்டு நின்றபின் 'ம்ம்ம்' என்று ஹம் கேட்பதும் இதனால்தான். இங்கே புதுக் கண்டென்சர் போட்டால் வரும் மாற்றம் கற்பனையல்ல, மீட்டரிலேயே தெரியும். கிரவுண்ட் வயர்களை ஒரே புள்ளியில் சேர்ப்பதும் அப்படித்தான், செலவே இல்லை.

ஆசை மிஞ்சினால் ஆபத்து. பவர் கூடட்டும் என்று 12-0-12 டிரான்ஸ்ஃபார்மரை எடுத்துவிட்டு 18-0-18 வைக்கிறார்கள். டிசியாக்கினால் அது இரு பக்கமும் 25 வோல்ட். இந்த செட்டுகளின் பவர் ஐசியான டிடிஏ2030 தாங்குவது இரு பக்கமும் 18 வோல்ட்தான். வெடிக்காமல் என்ன செய்யும்? பவர் இரட்டித்தாலும் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. விலையுயர்ந்த ஸ்பீக்கர் வயரைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை: தடிமன் போதுமானால் சாதாரணச் செம்பு வயரே போதும்.

இந்தப் பழக்கத்தைக் குறை சொல்லிவிட்டு நகர மனமில்லை. தூக்கி எறிய வேண்டிய செட்டை இன்னும் பாடவைப்பது இந்தக் கைகள்தான். சால்டரிங் அயர்னோடு உட்காரும் பிள்ளைக்கு மின்சாரம் பாடமாக இல்லாமல் அனுபவமாகப் புரிகிறது. கெடுப்பது வரிசைதான். தெரிந்த பழுதைச் சரிசெய்வதற்கு முன் தெரியாத உயர்வைத் தேடுகிறோம்.

அடுத்த முறை எதை மாற்றினாலும் ஒன்று செய்யுங்கள். முன்னும் பின்னும் ஒரே டோனை ஓடவிட்டு, ஸ்பீக்கர் முனையில் ஏசி வோல்ட்டை மீட்டரில் சமமாக வையுங்கள். பிறகு 1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹௌ டு நேம் இட்' இசைத்தட்டின் வயலினைக் கேட்டு முடிவெடுங்கள்.