வ.உ.சி. பூங்கா: நாலரை ஏக்கரின் கணக்கு

கோவை வ.உ.சி. பூங்கா என்றதும் குட்டி ரயில், மான், முதலை, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் என்று நினைவுகளே முன்னால் வந்து நிற்கின்றன. அந்த நினைவுகளுக்கு மதிப்பு உண்டு. ஆனால் ஒரு பொதுப் பூங்கா தன் நோக்கத்தில் எவ்வளவு தேறியது என்பதற்கு அவை அளவுகோல் ஆகா.

1965இல் இங்கே மிருகக்காட்சிசாலை தொடங்கியபோது கோவை நகராட்சியாகத்தான் இருந்தது, மாநகராட்சியானது 1981இல். ஊட்டியின் தாவரவியல் பூங்காவும் குன்னூரின் சிம்ஸ் பூங்காவும் வெள்ளையரின் மலைவாசத்துக்காக உருவானவை. மில் தொழிலாளி குடும்பத்தோடு டவுன்பஸ் ஏறி வந்து பொழுது கழிக்க, ஊர் நடுவே ஓர் இடத்தை அமைத்தது அந்த மரபிலிருந்து விலகிய, மெச்சத்தக்க முடிவு. பக்கத்திலேயே பொருட்காட்சிக்கும் சுதந்திர தின அணிவகுப்புக்கும் இடந்தரும் வ.உ.சி. மைதானம் இருப்பதால் இந்த வளாகம் ஊரின் பொதுவாழ்வோடு பிணைந்துவிட்டது. கருத்தாக்கத்தில் பிழையில்லை.

பிழை நிர்வாகத்தில். ஏறத்தாழ நாலரை ஏக்கருக்குள் விலங்குகளை அடைத்து வைத்தது அக்கால வழக்கம். 1965இன் முடிவை இன்றைய விதியால் தண்டிப்பது முறையன்று. ஆனால் 1991இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டு, மறு ஆண்டே மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் அமைந்த பிறகு அந்தச் சலுகைக்கு இடமில்லை. முன்மாதிரியும் கண்ணெதிரே இருந்தது: நகர நடுவே நெரிசலில் கிடந்த சென்னையின் பழைய மிருகக்காட்சிசாலை, 1985இல் வண்டலூரின் விரிந்த காட்டுப் பரப்பில் புதிதாகத் திறக்கப்பட்டுவிட்டது. கோவையோ விரிக்கவும் இல்லை, மாற்றவும் இல்லை. 2022இல் ஆணையம் அங்கீகாரத்தை ரத்து செய்தது. விலங்குகள் படிப்படியாக வெளியேறின. ஊரில் பலர் அதை இழப்பாகக் கருதினர். என் மதிப்பீட்டில் ஆணையத்தின் முடிவு சரி. தாமதம் மட்டுமே குறை.

பெயர் தொடர்பான குறை இதைவிட ஆழமானது. 1908 முதல் 1910 வரை வ.உ.சி. செக்கிழுத்தது இதே ஊரின் மத்தியச் சிறையில். அந்தச் செக்கு இன்றும் அங்கே காக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் அவர் பெயர் தாங்கிய இடங்கள் ஏராளம். ஆனால் அந்தப் பெயருக்கு இவ்வளவு நேரடியான உரிமை உள்ளவை சிலவே. அப்படியிருந்தும் மைதான வளாகத்தில் அவர் சிலை எழுந்தது அண்மையில்தான். பல தலைமுறைக் குழந்தைகளுக்கு ‘வ.உ.சி.’ என்பது மான் பார்க்கப் போகும் இடத்தின் பெயராகவே நின்றது. பூங்கா தன் பெயருக்குச் செய்ய வேண்டியதைச் செய்யவில்லை.

இப்போது ஒப்பீட்டுக்குச் செம்மொழிப் பூங்கா இருக்கிறது. 2010 உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாட்டில் அறிவிக்கப்பட்டு, காந்திபுரத்தில் சிறை நிலத்தின் 45 ஏக்கரில் 2025 நவம்பரில் திறக்கப்பட்டது. பதினைந்து ஆண்டுத் தாமதத்தை மறக்க முடியாது. ஆனால் வகைவகையான தோட்டங்களும் மூலிகை, மூங்கில், ரோஜா என்னும் பகுப்பும் வ.உ.சி. பூங்காவில் ஒருநாளும் இல்லாத திட்ட ஒழுங்கைக் காட்டுகின்றன. தோட்டக்கலையில் அதுவே மேல்; இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆயினும் அது நடந்து பார்ப்பதற்கென வகுக்கப்பட்ட தோட்டம். பொருட்காட்சிக்கு வந்த குடும்பம் அப்படியே உள்ளே நுழைந்து, கட்டுச்சோற்றைப் பிரித்து உட்கார்ந்துவிடும் இயல்பு வ.உ.சி. பூங்காவுக்கே உரியது. மிருகக்காட்சிசாலையாக அது தோற்றது, பெயரின் காவலனாகவும் தேறவில்லை. பொதுப் பூங்காவாக மட்டும் அது வென்றது, அதுவும் நிர்வாகத்தின் திறத்தால் அல்ல, அமைந்த இடத்தாலும் வந்த மக்களாலும்.

ஆகவே காலியான கூண்டுகளின் இடத்தில் இன்னொரு கட்டணக் காட்சியை நிறுவுவது கைக்கு வந்த ஒரே வெற்றியையும் இழப்பதாகும். அங்கே வேண்டியவை வேம்பும் புங்கமும், நிழலில் இருக்கைகளும், சிறையிலுள்ள செக்கின் வரலாற்றைக் குழந்தைக்கும் விளங்கச் சொல்லும் ஒரு சிறு கூடமும்.