லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ்: பயிற்சியும் பார்வையும்

முதற் சிங்களப் பேசும்படமான ‘கடவுனு பொறொந்துவ’ (1947) தென்னிந்தியக் கலையகமொன்றிலேயே உருவாயிற்று. பின்வந்த படங்களும் பெரும்பாலும் தென்னிந்திய வாய்பாட்டையே பின்பற்றின. அவ்வாய்பாட்டை உடைத்த லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிசின் (1919-2018) ஆக்கமுறையை விளங்கிக்கொள்ள, அவர் திரைப்படத்துக்கு வந்த வழியை நோக்குதல் வேண்டும்.

பத்திரிகையாளராயிருந்த அவர், 1952இல் அரசாங்கத் திரைப்படப் பிரிவிற் சேர்ந்து ஆவணப்படங்களிற் பயின்றார். 1955இல் ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் ரைற்றஸ் தொட்டவத்த ஆகியோருடன் அங்கிருந்து விலகி, ‘ரேகாவ’ (1956) படத்தை உருவாக்கினார். கலையகத்தை விடுத்து உண்மையான கிராமத்திற் கமராவை நிறுத்தியமை வெறும் உத்தி மாற்றமன்று; உள்ளதைப் பொறுமையோடு நோக்கும் ஆவணப்பட ஒழுக்கத்தின் பேறு அது. படம் வசூலிற் தோற்றபோதும் அவர் அவ்வொழுக்கத்தைக் கைவிடவில்லை.

மார்ட்டின் விக்கிரமசிங்கவின் நாவலைத் தழுவிய ‘கம்பெரலிய’வில் (1963) அது முதிர்ச்சியடைகிறது. குலமதிப்பின் பெயரால் நிராகரிக்கப்பட்ட பியல், வணிகத்தாற் செல்வனாகி நந்தாவை மணக்கிறான். நிலவுடைமைக் குடும்பத்தின் தேய்வையும் வணிக வர்க்கத்தின் எழுச்சியையும் முழக்கங்களின்றி, முகங்களாலும் மௌனத்தாலும் நெறியாளர் உணர்த்துகிறார்.

எனினும், கமரா பெருமனைக்குள்ளேயே தங்கிவிடுகிறது. அம்மனையைத் தாங்கிய உழைப்பாளர் ஓரத்திலேயே நிற்கின்றனர். இது கலைத்திறனின் குறையன்று, வர்க்கப் பார்வையின் எல்லை. வேலையற்ற நகர இளைஞரை ‘அஹஸ் கவ்வ’விலே (1974) சித்திரித்து, ‘பொன்மணி’யைத் (1977) தமிழிலே ஆக்கிய தர்மசேன பத்திராஜ அவ்வெல்லையைக் கடந்தார். ஆயினும், கடப்பதற்குரிய பாதையை முதலில் வெட்டியவர் லெஸ்ரரே என்பதை முற்போக்கு விமர்சனம் மறத்தலாகாது.