முன்சக்கரப் பூட்டு

மதுரைச் சமவெளியில் பழைய ஜீப் வைத்திருப்பவர்கள், அதன் முன்சக்கரங்களில் கையால் திருகிப் பூட்டும் ஹப் பொருத்திக்கொள்வது அவசியந்தானா என்னும் கேள்விக்கு, அதை விற்பவர் கூறும் விடையையும் அதை அடியோடு வெறுக்கும் மெக்கானிக் கூறும் விடையையும் ஒருபுறம் ஒதுக்கிவிட்டு, இந்தப் பிரதேசத்து மண்ணையும் மழையையும் கொண்டே முடிவு காண்பது உசிதம் என்பது என் அபிப்பிராயம்.

இரண்டாம் உலக யுத்தத்தில் பெயர் பெற்ற வில்லிஸ் ஜீப்பில் முன்சக்கரம் ஃபிளாஞ்சு என்னும் தகட்டினால் ஆக்ஸிலோடு நிரந்தரமாகப் பிணைக்கப்பட்டிருந்தது. 1947 முதல் மஹிந்திரா நிறுவனத்தார் நம் தேசத்தில் பூட்டி விற்றதும் அதே ஜீப்தான். ஆகவே, லீவரை இரண்டு சக்கர நிலையில் வைத்துத் தார்ச்சாலையில் திருமங்கலம் போய்வந்தாலும், முன் ஆக்ஸிலும் டிஃபரன்ஷியலும் முன்புறத்து ஷாஃப்டும் காரியம் எதுவுமின்றிக் கூடவே சுழன்றுகொண்டிருக்கும். 1948இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தில் ஆர்தர் வார்ன் என்பவர் செய்து விற்ற பூட்டு ஹப், அந்தப் பிணைப்பை வேண்டும்போது சேர்க்கவும் வேண்டாதபோது விலக்கவும் வழி செய்தது.

இதனால் டீசல் மிச்சமாகும் என்பதே முதலில் சொல்லப்படும் அனுகூலம். மிச்சம் உண்டுதான், ஆனால், டயரில் காற்றைச் சரிபார்க்கவே சோம்பல்படுகிறவர் ஹப்பினால் டீசலை மிச்சம்பிடிக்கப் போவதாகச் சொல்வது எனக்கு வேடிக்கையாகவே இருக்கிறது. உண்மையான லாபம், முன்புறத்து ஜாயிண்டுகளும் ஆயில் சீல்களும் வீண் தேய்மானத்திலிருந்து தப்புவதும், வேகத்தில் எழும் அதிர்வு அடங்குவதுமேயாகும்.

குறைகளோ வண்டி தாரை விட்டு இறங்கிய பிறகே தலைகாட்டும். கள்ளிக்குடிப் பக்கத்துக் கரிசல், கோடையில் பாறைபோல் இறுகிக் கிடந்து, ஐப்பசியில் ஒரு மழை பெய்ததும் சக்கரத்தை அப்பிக்கொள்ளும் சுபாவமுடையது. லீவரை நான்கு சக்கரத்துக்குத் தள்ளிய பிறகும் வண்டி நகராமல் மேலும் புதைவதைக் கண்டு, ஹப்பைப் பூட்ட மறந்தது நினைவுக்கு வர, வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு சேற்றில் இறங்குகிறவர், முதலில் குச்சியால் திருகின் பள்ளத்திலுள்ள களியை நோண்டி எடுக்கவேண்டும். உள்ளே பற்கள் ஒன்றோடொன்று நேர்படாவிட்டால் திருகு பாதியில் நின்றுவிடும். அப்போது வண்டியை ஒரு சாண் முன்னும் பின்னும் அசைக்கவேண்டுமேயன்றிக் குறடு போட்டுத் திருகினால் அதன் காது ஒடிந்து கையோடு வரும். ஒரு பக்கத்தை மட்டும் பூட்டிவிட்டு மறுபக்கத்தை மறந்தவர் பாடு இன்னும் பரிதாபம். டிஃபரன்ஷியல் எதிர்ப்பில்லாத திசையிலேயே சுழற்சியைச் செலுத்துமாதலால், பூட்டாத பக்கத்து ஷாஃப்ட் உள்ளுக்குள் வெறுமனே சுழல, பூட்டிய சக்கரம் அசையாமல் நிற்கும். எனவே தாரை விட்டு இறங்குமுன்பே இரண்டையும் பூட்டிவிடுவதுதான் உத்தமம்.

இங்கே சேறு சில வாரங்கள், புழுதியோ மாதக்கணக்கில். பூட்டத் தேவையில்லாத இந்த நீண்ட ஓய்வு ஹப்புக்கு ஒருவகையில் சத்துரு. கண்மாய்த் தண்ணீர் உட்புகுந்து துருவேற்றும். பழைய கிரீஸ் கட்டிபட்டுப் பற்களை நகரவிடாது. அதற்குப் பயந்து கிரீஸை வாரி அடைப்பதும் அதே விபரீதத்தில்தான் முடியும். மெல்லிய பூச்சே போதும். மாதம் ஒருமுறை ஹப்பை மட்டும் பூட்டி, லீவரைத் தொடாமல் சில கிலோமீட்டர் ஓட்டினால், முன் ஆக்ஸிலின் மேற்பகுதிக்கும் எண்ணெய் ஏறும்.

போடியிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஏறும் வண்டிகளின் சங்கதி வேறு. மலையில் நான்கு சக்கரமும் எந்த வளைவில் வேண்டியிருக்கும் என்று நிச்சயமில்லாதபோது, இறங்கி ஏறிப் பூட்டுவது சாத்தியமன்று. பூட்டியே வைத்திருப்பதானால் ஹப் எதற்கு? ஹப்பை விலக்கிவிட்டு லோ கியரைப் பின்சக்கரங்களுக்கு மட்டும் தந்தால், கெட்டித் தரையில் திருப்பங்கள் இலகுவாகும் என்று சிலர் வாதிப்பார்கள். அது மெய்யே, எனினும் அவ்வளவு இழுவையையும் பின் ஆக்ஸில் தனித்துத் தாங்கவேண்டும், இறக்கத்தில் இஞ்சின் பிடிப்பும் பின்புறத்துக்கு மட்டுமே கிட்டும்.

பெரும்பாலும் தார்ச்சாலையில் தாமே ஓட்டுகிற சமவெளிக்காரர் தாராளமாகப் பொருத்திக்கொள்ளலாம். கழற்றிய பழைய ஃபிளாஞ்சுகளை மட்டும் இரும்புக் கடைக்குப் போட்டுவிடாமல் வண்டியிலேயே வைத்திருப்பது நல்லது, ஹப் உடைந்த இடத்தில் அவற்றையே மாட்டிக்கொண்டு வீடு திரும்பலாம். நாளுக்கொரு டிரைவரிடம் கைமாறும் வண்டிக்கோ, யாருடைய ஞாபகசக்தியையும் நம்பியிராத அந்த ஃபிளாஞ்சே தகும்.